பெயர் தெரியாத வீட்டுக்கு எழுதிய நன்றி

1

இந்தக் குளிர்காலத்தோடு, முன்பின் அறியாத ஒருவருடைய சிறுநீரகம் என் உடம்பில் வேலை செய்யத் தொடங்கி மூன்று வருடங்கள் ஆகின்றன. அவர் ஆணா பெண்ணா, என்ன வயது, எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. இறந்துபோனவர் என்பது மட்டும் தெரியும். நான் இருக்கும் நோர்வேயில் ஒழுங்கு அப்படி. கொடுத்தவரின் வீட்டாருக்கு என்னைத் தெரியக்கூடாது, எனக்கு அவர்களைத் தெரியக்கூடாது.

ஆனால் ஒரு கடிதம் எழுதலாம். முதல் வருடப் பரிசோதனையின்போது வைத்தியசாலைத் தாதி ஒருவர் அதைச் சொல்லி, விதிமுறைகள் அச்சடித்த ஒரு தாளையும் தந்தார். பெயர் எழுதக்கூடாது, ஊர் எழுதக்கூடாது, சந்திக்கக் கேட்கக்கூடாது. சமயம் சார்ந்த சொற்களில் கவனமாக இருக்கவும், அந்த வீட்டாரின் நம்பிக்கை என்னவென்று நமக்குத் தெரியாது என்று கடைசி வரியில் இருந்தது. தாளை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தேன். இரண்டு வருடம் அது அங்கேயே கிடந்தது.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் பேச்சுக்குப் பஞ்சப்பட்டவன் அல்ல. இங்கே எங்கள் தமிழ்ச் சபையில் மாதம் ஒருமுறை கூடுவோம். நன்றி செபத்துக்கு நான் எழும்பினால் கால்மணி நேரத்துக்குப் பிறகு என் மனைவி ரூபி சட்டையைப் பிடித்து இழுப்பாள். கடவுளுக்கு அவ்வளவு சரளமாக நன்றி சொல்லத் தெரிந்தவனால், ஒரு வீட்டாருக்கு ஒரு பக்கம் எழுத முடியவில்லை.

மூன்றாம் வருடம் நிறைந்த அன்று காலை, எட்டு மணிக்கு விழுங்க வேண்டிய குளிசைகளை விழுங்கிவிட்டு ரூபியிடம் சொன்னேன். கடிதம் எழுதுவது ஒன்று. இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடந்த காலத்தில் நான் நேர்ந்துகொண்ட ஸ்தோத்திர ஆராதனையை, வட்டுக்கோட்டையில் எங்கள் ஊர்க் கோயிலில் வைப்பது மற்றொன்று.

"இந்த முறை ரெண்டையும் செய்யாமல் விடுறேல்லை" என்றேன்.

"முதல் கடிதத்தை எழுதுங்கோ. ஆராதனைக்கு ஊர்ச் சபைப் போதகர், எங்கடை ஐயர், இருக்கிறார். கடிதத்துக்கு நீங்கள் மட்டுந்தான் இருக்கிறியள்" என்றாள்.

2

நோர்வேக்காரர் எல்லாவற்றுக்கும் நன்றி சொல்வார்கள். சாப்பிட்டு எழும்பினால் சாப்பாட்டுக்கு நன்றி. சேர்ந்து நடந்துவிட்டு வந்தால் நடைக்கு நன்றி. போன கிழமை சந்தித்த ஒருவரை மறுபடி கண்டால், போன முறைக்கு நன்றி. அதை 'தக் ஃபொர் சிஸ்ட்' என்பார்கள். இருபத்தாறு வயதில் வடக்கே ஒரு மீன் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தபோது நான் முதலில் பாடமாக்கிய வசனம் அது. 'சிஸ்ட்' என்றால் கடைசி; கடைசித் தரிப்பில் இறக்கிவிட்டதற்கு நன்றி என்று அர்த்தம் என நினைத்து, ஒவ்வொரு காலையும் பஸ் சாரதிக்குச் சொல்லிவிட்டு இறங்குவேன். அவரும் சிரிக்காமல் அதையே திருப்பிச் சொல்வார். நாலு மாதத்துக்குப் பிறகுதான் மேற்பார்வையாளர் ஒருவர் எனக்கு விளக்கம் சொன்னார். அடுத்த நாள் நான் வெட்கத்தோடு தலையை மட்டும் ஆட்டினேன். சாரதி என்னைப் பார்த்து, போன முறைக்கு நன்றி என்றார்.

எங்களுடைய வழக்கம் வேறு. ஊரில், மருதனார்மடம் சந்தையில் கத்தரிக்காய் வாங்கிவிட்டு, விற்கிற பெண்ணுக்கு நன்றி சொல்லிப் பாருங்கள். நக்கலடிக்கிறான் என்று நினைப்பார். எங்கள் வீட்டிலும் ஒருவருக்கொருவர் நன்றி சொன்னதாக நினைவில்லை. என் தகப்பன், ஐயா, காலையில் எழுந்ததும் படுக்கையில் இருந்தபடியே "ஸ்தோத்திரம்" என்பார். அவ்வளவுதான். அந்தச் சொல் கடவுளுக்கு மட்டும் உரியது.

கன வருடங்களுக்குப் பிறகு ஒன்றைக் கவனித்தேன். நோர்வே மொழியில் 'தக்' என்பதற்குப் பின்னால் 'ஃபொர்' என்று ஒரு சொல் வந்து நிற்கும். எதற்காக என்று சொல்ல வேண்டும். சாப்பாட்டுக்காக, நடைக்காக, உதவிக்காக. ஐயாவின் ஸ்தோத்திரத்துக்கு அது தேவைப்படவில்லை. எதற்காக என்று அவர் சொன்னதே இல்லை. இங்கே வந்து முப்பது வருடத்தில் என் செபத்திலும் எனக்குத் தெரியாமலே அந்த 'ஃபொர்' வந்து ஒட்டிக்கொண்டது. வீசாவுக்காக, வீட்டுக்காக, பிள்ளையின் படிப்புக்காக.

மகள் ஷாலினி ஒரு கட்டத்தில் சாப்பாட்டுச் செபத்தையே விட்டுவிட்டாள். நானும் ரூபியும் கண்ணை மூடிச் செபித்து முடிக்கும்வரை கரண்டியைத் தொடாமல் மரியாதையாக இருப்பாள். பிறகு சாப்பிட்டு எழும்பும்போது தாயைப் பார்த்து, சாப்பாட்டுக்கு நன்றி என்பாள்.

"அம்மாதானே சமைச்சவ. அவவுக்குச் சொல்லுறன்."

கடவுளுக்குச் சொல்ல மாட்டாயா என்று ஒருமுறை கேட்டேன். "அவருக்கு நீங்கள் கனக்கச் சொல்லுறியள் அப்பா" என்றாள்.

3

என் எழுத்துப் பிழைகளைத் திருத்துவது ஷாலினிக்குப் பத்து வயதிலிருந்தே உள்ள வேலை. வரித் திணைக்களத்துக்கும் மாநகரசபைக்கும் நான் எழுதிய அத்தனையும் அவள் கையால் திருந்திப் போனவை. இப்போது அவளுக்கு இருபத்தேழு வயது. உடற்பயிற்சிச் சிகிச்சையாளராக வேலை, தனி வீடு. ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவளிடம் கடிதத்தின் முதல் பிரதியைக் கணினியில் காட்டினேன்.

வாசித்துக்கொண்டு போனவள் சிரிக்கத் தொடங்கினாள்.

"அப்பா, நீங்கள் பரிசுத்தரோ?"

"ஏன்?"

"உங்களாலை நான் பரிசுத்தன் எண்டு எழுதியிருக்கிறியள்."

அதிர்ஷ்டசாலி என்பதற்கு 'ஹெல்டி' என்று எழுத வேண்டும். நான் எழுதியது 'ஹெல்லி'. அது பரிசுத்தம். ஒரு எழுத்துத்தான் வித்தியாசம். முப்பது வருடமாகியும் அந்த எழுத்து எனக்குப் பிடிபடவில்லை. ரூபியும் குசினிக்குள் இருந்து வந்து சிரித்தாள். ஷாலினி திருத்திவிட்டு அடுத்த வரிக்குப் போனாள். அங்கே அவள் சிரிப்பு நின்றது.

உங்கள் வீட்டவரின் சிறுநீரகத்தைக் கடவுள் எனக்குத் தந்தார் என்று அந்த வரியில் எழுதியிருந்தேன்.

"இதை அந்த வீட்டு அம்மாவா இருந்து வாசிச்சுப் பாருங்கோ அப்பா."

"வாசிச்சா என்ன?"

"அவவிட்டை இருந்து எடுத்து உங்களுக்குக் குடுத்தவர் எண்டு வரும்."

"அப்பிடி இல்லை பிள்ளை. கெட்டதுக்குள்ளையும் கடவுள் நன்மை செய்வார்."

"அது உங்களுக்கு நன்மை. அவவுக்கு?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இது விசுவாசம் இல்லாத ஆக்களின்ரை கதை" என்றேன்.

அவள் கணினியை மெதுவாக மூடினாள். "நான் விசுவாசத்தைப் பற்றிக் கேக்கேல்லை. அந்த அம்மாவைப் பற்றித்தான் கேட்டனான்."

அவள் போன பிறகும் கோபம் ஆறவில்லை. ஏன் என்று இரண்டு நாள் யோசித்தேன். அவள் கேட்டது புதிய கேள்வி அல்ல. எனக்குள் கிடந்து நான் மூடி வைத்திருந்த கேள்வி.

கிழமைக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணித்தியாலம் நான் அந்த இயந்திரத்தோடு படுத்திருந்த வார்டில், யன்னல் ஓரமாக என் பக்கத்துக் கதிரையில் ஒரு கிழட்டு மீன்பிடிகாரர் இருப்பார். உயிர்த்த ஞாயிறு விடுமுறை தொடங்குகிற சமயம். வீதியெல்லாம் உறைபனி, ஊர் முழுக்கக் காரில் மலைவீடுகளுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தது. அவர் யன்னலால் பார்த்துவிட்டு, "இந்தக் கிழமை எங்களில் ஒருவருக்கு ஏதாவது வரும்" என்றார். வீதியில் யாராவது செத்தால் எங்களுக்கொரு சிறுநீரகம் என்பதைப் பகிடியாகத்தான் சொன்னார். நான் சிரித்தேன். பிறகு வீட்டுக்கு வந்து முழங்காலில் நின்று, ஆண்டவரே இந்தக் கிழமைக்குள் ஒரு வழியைத் திறவும் என்று செபித்தேன்.

என்ன கேட்கிறேன் என்று தெரிந்துதான் கேட்டேன். அந்தக் கிழமை ஒன்றும் வரவில்லை. வைத்தியசாலையின் அழைப்பு வந்தது அதற்குப் பத்து மாதம் கழித்து, நான் வேலை செய்யும் பாடசாலையில் ஒரு கதவுப் பூட்டைக் கழற்றிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில். ஆனாலும் நான் சிரித்த சிரிப்பு எனக்கு மறக்கவில்லை.

4

நேசனைப் பற்றிச் சொல்லாமல் இதற்கு மேல் போக முடியாது.

நானும் நேசனும் வட்டுக்கோட்டையில் ஒரே வகுப்பு, கோயிலில் இருப்பதும் ஒரே வாங்கில். நான் வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டேன், அவன் ஊரில் கணக்கு வாத்தியாராக இருந்தான். சண்டிலிப்பாயில் ஒரு சைவக் குடும்பத்துப் பெண்ணை, மலரை, விரும்பிக் கலியாணம் செய்தான். மலரின் தகப்பன் சில வருடம் மகளோடு கதைக்கவில்லை. பிறகு மனம் மாறி ஒரு தோட்டக் காணியை எழுதிக் கொடுத்தார்.

நேசனின் சிறுநீரகங்கள் என்னுடையவற்றுக்கு ஒரு வருடம் முந்திப் பழுதாகின. அவன் விடியப் பஸ் ஏறிப் போய், வைத்தியசாலையில் காத்திருந்து, இரத்தம் சுத்திகரித்துவிட்டுப் பின்னேரம் திரும்புவான். எனக்கு அரசாங்கம் டாக்சி அனுப்பியது. ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் இருவரும் இரத்தப் பரிசோதனை இலக்கங்களை ஒப்பிடுவோம், பள்ளிக்கூடத்தில் புள்ளிகளை ஒப்பிட்ட மாதிரி. கடைசியில் செபிப்போம். என் செபம் ஒரு பட்டியல். அவனோ தொடக்கத்திலேயே நின்றுவிடுவான். நீர் பெரியவர், நீர் நல்லவர், எங்களைப் படைத்தவர், இங்கே இருக்கிறவர் என்று ஆறுதலாகச் சொல்லிக்கொண்டே போவான்.

"மச்சான், கேக்கிறதைக் கெதியாக் கேள். எனக்கு வேலை கிடக்கு" என்பேன்.

"பொறடா. ஆளை முதல் வடிவாப் பாப்பம்" என்பான்.

கடவுளை ஆள் என்றது எனக்கு அப்போது வெறும் பகிடியாகத்தான் பட்டது.

மலரின் சிறுநீரகம் அவனுக்குப் பொருந்தவில்லை. தம்பிக்காரனுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. வேறு வழி தேடிக்கொண்டிருக்கும்போதே, எனக்குச் சத்திரசிகிச்சை நடந்து எட்டாம் மாதம், நேசன் போய்விட்டான். கிருமி தொற்றிவிடும் என்று வைத்தியர் என்னைப் பயணப்பட விடவில்லை. செத்த வீட்டைத் தொலைபேசித் திரையில் பார்த்தேன். பெட்டி வாசல் படலையைத் தாண்டும் இடத்தில் படம் அசையாமல் நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு மலரோடு இரண்டே இரண்டு தடவைதான் கதைத்தேன். உயிரோடு இருக்கிற நான் என்ன கதைப்பது என்று தெரியவில்லை.

5

ஊருக்குப் போவதற்கு மூன்று கடிதங்கள் தேவைப்பட்டன. வைத்தியரிடமிருந்து ஒன்று, வேலைத்தலத்திலிருந்து ஒன்று. நான் இன்னும் பாதி நாள் சுகவீனக் கொடுப்பனவில் இருப்பதால் நலத்துறை அலுவலகத்தின் அனுமதி மூன்றாவது. படிவத்தில் பயண நோக்கம் என்ற இடத்தில் விடுமுறை, குடும்பம், சிகிச்சை, வேறு என்று நாலு பெட்டிகள். வேறு என்பதில் புள்ளடி போட்டு, நன்றி சொல்ல என்று எழுதினேன். இரண்டு நாளில் ஒரு பெண் அலுவலர் அழைத்தார். யாருக்கு நன்றி என்று கேட்டார். கடவுளுக்கு என்றேன். விசைப்பலகையில் ஏதோ தட்டிவிட்டு, "குடும்பம் என்று பதியட்டுமா?" என்று கேட்டார். சரி என்றேன்.

நானும் ரூபியும் மட்டும் போனோம். ஷாலினி குளிசைப் பெட்டியை நாள் வாரியாக அடுக்கித் தந்தாள். கடிதத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை.

வட்டுக்கோட்டைக்குப் போன மூன்றாம் நாள் காலை சண்டிலிப்பாய்க்குத் தனியாகப் போனேன். மலர் இப்போது தகப்பன் கொடுத்த காணியோடு உள்ள வீட்டில் இருக்கிறார். பம்பு ஓடிக்கொண்டிருந்தது. மிளகாய்ப் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறிக்கொண்டு நின்றவர் என்னைக் கண்டதும் மண்வெட்டியைச் சேற்றில் ஊன்றிவிட்டு நிமிர்ந்தார்.

"வாங்கோ ராஜன் அண்ணை. உந்த வரம்பிலையே நில்லுங்கோ. சேத்துக்குள்ளை இறங்காதேங்கோ, உங்களுக்குக் கிருமி கூடாதெல்லோ."

என் சுகம் கேட்டார், ரூபியைக் கேட்டார். ஆராதனையைப் பற்றி நான் தொடங்க முன்னமே அவரே சொன்னார்.

"ஐயர் சொன்னவர். நான் வருவன். பாட்டுக்கு நிப்பன், செபத்துக்கு நிப்பன். நீங்கள் சாட்சி சொல்ல எழும்பேக்கை வெளியிலை போய் நிப்பன். கோவிக்காதேங்கோ."

"ஏன் மலர்?"

ஒரு பாத்தியின் வாயை அடைத்து அடுத்ததை வெட்டிவிட்டார். "கடவுள் தந்தவர் எண்டு சொல்லுவியள். சொல்லத்தானே வேணும். அதை இருந்து கேட்டால் நான் என்னத்தை நினைக்கிறது? எங்களுக்குத் தர மனமில்லை எண்டோ?"

 ஷாலினி ஒரு அம்மாவை நினைத்துக் கேட்ட கேள்வி, இங்கே சேற்றுக் காலோடு என் முன்னால் நின்றது.

"வீட்டை வந்து செபிச்ச ஆக்கள் விசுவாசத்தோடை கேளுங்கோ எண்டு சொன்னவை. கேட்டம். அவர் போன பிறகு ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. எண்டாலும் எனக்கு விளங்கினது. நாங்கள் சரியாக் கேக்கேல்லையாம்."

"அப்பிடி இல்லை மலர்."

"இல்லை எண்டு எனக்கும் தெரியும். தெரிஞ்சு என்ன செய்யிறது?" முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "உங்களுக்குக் கிடைச்ச அண்டைக்கு அவர் என்ன செய்தவர் எண்டு தெரியுமோ?"

"தெரியாது."

"ரூபி அக்கா ஃபோன் எடுத்துச் சொன்னவ. அப்பதான் அவர் ஆசுபத்திரியாலை வந்து இறங்கினவர். நேரை அறைக்குள்ளை போய் முழங்காலிலை நிண்டு ஸ்தோத்திரம் சொன்னவர். எனக்குச் சரியான கோவம். கிடைச்சது உங்கடை சிநேகிதனுக்கு, நீங்கள் என்னத்துக்கு ஸ்தோத்திரம் சொல்லுறியள் எண்டு கேட்டன். அதுக்கு, ராஜனுக்குக் கிடைக்காட்டியும் சொல்லியிருப்பன், நான் ஆண்டவருக்கெல்லோ சொல்லுறன் எண்டார்."

மலர் காலால் ஒரு பாத்தியின் வாயை அடைத்தார்.

"பிறகு கத்தியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னாலை கோடிக்குப் போனார். நிண்ட வாழைக்குட்டி எல்லாத்தையும் ஒண்டு மிச்சமில்லாமல் வெட்டினவர். அப்பிடி ஏலாத உடம்போடை. ரெண்டு நாள் என்னோடை கதைக்கேல்லை."

"என்னிலை கோவமோ?"

"உங்களிலை இல்லை. ஆரிலை எண்டு அவர் சொல்லேல்லை." மலர் மண்வெட்டியை எடுத்தார். "அவர் சொன்னது எனக்கு அப்பவும் விளங்கேல்லை, இப்பவும் விளங்கேல்லை ராஜன் அண்ணை. நடந்ததைச் சொல்லுறன், அவ்வளவுதான்."

எனக்கு விளங்கியது. முழுவதும் அல்ல, கொஞ்சம். அந்த வரம்பில் நின்றபடிதான் நான் முடிவெடுத்தேன். கடவுள் எனக்குச் செய்ததைச் சபைக்குச் சொல்ல நோர்வேயிலிருந்து எழுதிக்கொண்டு வந்த ஐந்து பக்கச் சாட்சியை வாசிக்கப் போவதில்லை.

6

எங்கள் சபைப் போதகரை ஊரில் ஐயர் என்றுதான் சொல்வோம். நல்ல மனுசன். ஆராதனைக்கு முதல் நாள் அவரிடம் சொன்னேன்.

"சாட்சி இல்லாமல் என்ன ஸ்தோத்திர ஆராதனை?" என்றார்.

"எழும்பிக் கதைப்பன் ஐயா. ஆனா நீங்கள் எதிர்பாக்கிற மாதிரி இராது."

"சனம் ஒரு அற்புதத்தைக் கேக்கத்தான் வருகுது."

"எனக்கு நடந்தது அற்புதமோ எண்டு எனக்குத் தெரியாது ஐயா. எங்கையோ ஒரு வீட்டிலை செத்த வீடு நடந்தது. அது மட்டும் வடிவாத் தெரியும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார். "நல்லா யோசிச்சுத்தான் சொல்லுறீரோ?"

"ஓம்."

"அப்ப கதையும்."

கோயில் நிறைந்திருந்தது. பாட்டுகள் முடிந்து என் பெயரைச் சொன்னதும், நடுவாங்கில் இருந்த மலர் எழுந்து பக்கக் கதவால் வெளியே போனார். சொன்னபடியே செய்தார்.  முன் வாங்கில் இருந்த ரூபி தலையை அசைத்தாள். கையில் தாள் இல்லாமல், மனதில் இருந்ததைச் சொன்னேன்.

"நான் ஒரு சிறுநீரகம் வேணும் எண்டு செபிச்சனான். எனக்கு அது கிடைக்கிறதெண்டால் ஆரோ ஒருத்தர் சாகவேணும் எண்டு தெரிஞ்சுகொண்டுதான் செபிச்சனான். அதை இண்டைக்குத்தான் முதல் முறை வாய்விட்டுச் சொல்லுறன்."

நானும் நேசனும் இருக்கும் வாங்குப் பக்கம் போய் நின்றேன்.

"நேசன் இந்த வாங்கிலை என்னோடை இருந்தவன். அவனும் செபிச்சவன். என்னை விட வடிவாச் செபிச்சவன். எனக்குக் கிடைச்சது, அவனுக்குக் கிடைக்கேல்லை. கடவுள் என்னைத் தெரிஞ்செடுத்தவர் எண்டு நான் சொல்லமாட்டன். அப்பிடிச் சொன்னால் நேசனைக் கைவிட்டவர் எண்டு வரும். அது பொய். ஏன் இப்பிடி நடந்தது எண்டு எனக்குத் தெரியாது. தெரியாமல்தான் ஸ்தோத்திரம் சொல்ல வந்து நிக்கிறன்."

 பாதியில் நிறுத்திவிடக் கூடாது என்று வாங்கின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

"இந்தச் சிறுநீரகம் நாளைக்கே நிண்டுபோகலாம். அப்பவும் அவர் கடவுள்தான். அப்பவும் நல்லவர்தான். நான் இவ்வளவு காலமும் அவர் தந்ததைப் பாத்துத்தான் நன்றி சொன்னனான். தந்தவரை நிமிர்ந்து பாக்கேல்லை. நேசன் முதல் அவரைப் பாத்திட்டுத்தான் எதையும் கேப்பான். இண்டைக்கு ஒண்டும் கேக்காமல் எல்லாரும் அவரை மட்டும் பாப்பமோ?"

ஐயர் எழுந்து நின்றார். சபையும் எழுந்தது.  பிறகு பின்வாங்கில் இருந்து ஒரு கிழவரின் குரல், ஸ்தோத்திரம் என்றது. அங்கும் இங்குமாகச் சில குரல்கள் அதைச் சொல்லின. எதற்காக என்று ஒருவரும் சொல்லவில்லை.

ஆராதனைக்குப் பிறகு கோயில் விறாந்தையில் சாப்பாடு. பரிமாறிக்கொண்டு நின்ற பெண்களில் மலரும் ஒருவர். என் பக்கத்தில் வந்ததும், பச்சை வெங்காயச் சம்பல் தட்டை எட்ட நகர்த்தினார்.

"உது உங்களுக்குக் கூடாது."

சோற்றைப் போட்டுவிட்டு அங்கேயே நின்றார். "வெளியிலையும் கேட்டது" என்றார்.

நான் தட்டிலிருந்து நிமிர்ந்தேன்.

"அவர் போன பிறகு அவற்றை பேரைக் கோயிலுக்குள்ளை ஆரும் சொன்னதில்லை. எனக்கு முன்னாலை சொல்லப் பயப்பிடுகினம். நீங்கள் சொன்னியள்." கொஞ்சம் பொறுத்து, "நான் இன்னும் ஸ்தோத்திரம் சொல்லேல்லை. வாயிலை வருகுதில்லை" என்றார்.

"வரேக்கை வரட்டும் மலர்."

"வராட்டி?"

"வராட்டியும் அவர் இருப்பார்."

 மலர் அடுத்தவரின் தட்டுக்குச் சோறு போடப் போனார்.  இரண்டு கிழமைக்கு ஒருமுறை தொலைபேசி எடுப்பேன் என்று புறப்படும்போது சொன்னேன். எடுக்கிறேன். பெரும்பாலும் மிளகாய் விலையைப் பற்றியும் மழையைப் பற்றியும் கதைக்கிறோம். சில நாள் நேசனைப் பற்றி.

7

திரும்பி வந்த கிழமையே கடிதத்தை ஒரே இருப்பில் எழுதி முடித்தேன். ஷாலினியைக் கூப்பிட்டேன். வந்தாள். மேசையில் நின்றபடியே வாசித்தாள். தமிழில் சொன்னால் அது இப்படி வரும்:

'உங்களுக்கு என்னைத் தெரியாது. உங்கள் வீட்டில் ஒருவர் இறந்த நாளில் நான் பிழைத்தேன். இந்த இரண்டையும் ஒரே இடத்தில் எழுத எனக்கு மூன்று வருடம் பிடித்தது. உங்கள் இழப்பு என் நன்மைக்காக நடந்தது என்று நான் எழுத மாட்டேன். அது உங்கள் இழப்பு. அதற்காக வருந்துகிறேன். உங்கள் வாழ்க்கையின் மிக மோசமான நாளில், முகம் தெரியாத ஒருவனுக்காக நீங்கள் சம்மதம் சொன்னீர்கள். அதை நான் மறக்கவில்லை. அவரின் பெயர் எனக்குத் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு காலையும் அவரை நினைக்கிறேன். நன்றி.'

அவள் இரண்டாம் முறையும் வாசித்தாள்.

"கடவுளைக் காணேல்லையே அப்பா."

"அவருக்குச் சொல்லவேண்டியதை அவரிட்டை நேரை சொல்லுறன். இவைக்குச் சொல்லவேண்டியதை இவையிட்டைச் சொல்லுறன்."

"இவையைப் பற்றி அவரிட்டைச் சொல்லுவியளோ?"

"ஒவ்வொரு நாளும்."

 "இந்த முறை ஒரு பிழையும் இல்லை" என்றாள். பிறகு, "நானே ஆசுபத்திரியிலை கொண்டுபோய்க் குடுக்கிறன்" என்று கடிதத்தை எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

அவள் இன்னும் கோயிலுக்கு வருவதில்லை. நான் வற்புறுத்தவும் இல்லை. கடிதம் உரிய இடத்துக்கு அனுப்பப்பட்டதாகத் தாதி அறிவித்தார். பதில் வரவில்லை. பெரும்பாலும் வராது என்று முதலே சொல்லியிருந்தார்கள்.

என்னில் மாறியது ஒன்று உண்டு. காலைக் குளிசைக்கு முன்னால் கொஞ்ச நேரம் கடவுள் முன்னால் ஒன்றும் கேட்காமல் இருக்கிறேன். சொல்ல இலேசு, செய்யக் கடினம். இரண்டு நிமிடத்தில் பட்டியல் வந்து தொண்டைக்குள் நிற்கும். அதை ஒதுக்கி வைத்துவிட்டு, நீர் நல்லவர் என்று சொல்லப் பழகுகிறேன். கேட்பது பிழை அல்ல, பிறகு கேட்கிறேன். சில நாள் மனம் ஒட்டாமல் சும்மா வாயால் சொல்கிறேன். அந்த நாளும் சொல்கிறேன்.

போன கிழமை வழக்கமான பரிசோதனை. முடிவு இப்போதெல்லாம் தொலைபேசிக்கு வரும். வேலைக்குப் போகிற வழியில், பஸ் தரிப்பில் நிற்கும்போது வந்தது. முந்தி என்றால் திறந்து பார்த்து, இலக்கம் நல்லதாக இருந்தால் ஸ்தோத்திரம் என்பேன். அன்றைக்குத் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு, திறக்காமலே முதலில் ஸ்தோத்திரம் சொன்னேன். பக்கத்தில் நின்ற பெண் திரும்பிப் பார்த்தார்.

பிறகு திறந்தேன். சிறுநீரகம் நன்றாக வேலை செய்தால் ஏறக்கூடாத இலக்கம் ஏறியிருந்தது. அதிகம் இல்லை, கொஞ்சம். ஒரு கிழமையில் மறுபடி இரத்தம் எடுக்க வரச் சொல்லியிருந்தார்கள். எனக்குப் பயம் வந்தது. ரூபிக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். பஸ் வந்தது. ஏறி இருந்தேன். சொன்ன ஸ்தோத்திரத்தை நான் திருப்பி எடுக்கவில்லை.